மூடிய சிறைச்சாலை இன்னொன்றாக மாறுமுன்: திருகோணமலைக்கான சுற்றாடல் ஆய்வு வழிகாட்டி

நகரங்களின் நடுவே இருக்கும் பழைய சிறைகளை வெளியே கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் புதிய கதை இல்லை. 1876இல் கட்டப்பட்ட கண்டி போகம்பரைச் சிறை 2014 ஜனவரியில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். சென்னை மத்திய சிறை 1837ஐச் சேர்ந்தது. 2006இல் புழலுக்குப் போனது, 2009இல் இடிக்கப்பட்டது, நிலத்தின் பெரும்பகுதி மருத்துவக் கல்லூரிக்குப் போனது. திருகோணமலைச் சிறை இன்றும் இயங்குகிறது. ஆனால் அதுவோ, மாவட்டத்தில் உள்ள வேறொரு தடுப்பு வளாகமோ ஒருநாள் மூடப்பட்டால், அந்தக் காணியைக் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது. ஹோட்டல் என்பார்கள், அலுவலகத் தொகுதி என்பார்கள், பயிற்சி நிலையம் என்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், உள்ளூராட்சி மன்றத்துப் பொறியியலாளர் எல்லோரும் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வரிசைதான் முக்கியம். எங்கள் சட்டம் பெரும்பாலும் புதிதாக வரப்போவதன் அளவைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறது: எத்தனை அறை, எத்தனை ஹெக்டெயர். ஏற்கெனவே அந்த நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்று அது முதலில் கேட்பதில்லை. பல தசாப்தங்களாகப் பல நூறு பேரை அடைத்து வைத்த இடத்துக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. ஆகவே என்ன கட்டுவது என்று தீர்மானிக்குமுன், இடித்து முடிக்குமுன், அந்தக் கேள்விக்குப் பதில் எடுத்துவிட வேண்டும்.

படி 1: காணியின் எல்லையும் கடலின் எல்லையும்

முதலில் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடமும், காணி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்ற விபரமும் வேண்டும். சிறைச்சாலைத் திணைக்களத்தின் கையில்தான் இருக்கிறதா, வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டதா? பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கேட்கலாம். கட்டடம் மூடப்பட்ட செய்தி ஊருக்குத் தெரியுமுன் காணி கைமாறுவதும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது நீர் வழக்கமாக வந்து நிற்கும் கோடு) தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் வருவது கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ தொடுக்கும் களப்பு, ஆறு போன்றவற்றில் அது 2 கிலோமீற்றர் உள்ளே வரையும் போகலாம். திருகோணமலை நகரம் ஒரு பக்கம் திறந்த குடாவும் மறுபக்கம் உட்துறைமுகமுமாக இரண்டு கடலுக்கு நடுவே நீண்டு கிடப்பது. ஒரு கரையிலிருந்து அளந்து “வெளியே இருக்கிறது” என்று சொன்னால் போதாது. மற்றக் கரையிலிருந்தும் அளக்க வேண்டும். நீங்கள் போய்ப் பார்த்த அன்று அலை நின்ற இடம் கோடு ஆகாது. கரையோரம் பேணல் திணைக்களத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, தொல்பொருள். புராதனப் பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. நகரத்திலுள்ள பிரெட்ரிக் கோட்டை போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. அதைச் சுற்றியுள்ள நிலத்தில் எந்தக் கிடங்கு வெட்டினாலும் பழைய அத்திவாரமோ ஓட்டுத் துண்டோ வர வாய்ப்புண்டு. கால் ஹெக்டெயருக்கு மேற்பட்ட காணியில் வரும் அபிவிருத்திக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு கேட்கும் ஒழுங்கு 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சிறை வளாகம் ஒன்று அதைவிடச் சிறியதாக இருப்பது அரிது.

படி 2: எந்தச் சட்டத்தின் கதவு?

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள், சிலர் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். ஆறுதலாகப் பாருங்கள்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பகுதியைச் சேர்த்தது. அதன்படி வர்த்தமானியில் விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டங்களுக்கு ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோ (தாக்கம் பெரிதாக இருக்குமா என்று பார்க்கும் சுருக்கமான ஆய்வு), முழு சுற்றாடல் தாக்க மதிப்பீடோ செய்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியல் 1993 ஜூனில் வந்தது. அதில் ஹோட்டலுக்கு வரம்பு 99 அறைகளுக்கு மேல் அல்லது 40 ஹெக்டெயருக்கு மேல். குடியிருப்புக்கு 1,000 வீடுகளுக்கு மேல். இப்போது யோசியுங்கள்: ஒரு சிறைக் கட்டடத்தை 95 அறை ஹோட்டலாக மாற்றினால் அந்த வரம்புக்குள் அது அகப்படாது. “எங்களுக்கு மதிப்பீடு தேவையில்லை” என்று ஒரு கடிதம் வரும். அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம்.

ஆனால் கதவு ஒன்று மட்டுமல்ல. அதே பட்டியலின் மூன்றாம் பகுதியில் சில உணர்திறன் மிக்க இடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: தொல்பொருள் ஒதுக்கிடம், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றர், வெள்ளப் பகுதி, வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றர் முதலியவை. வணிகக் கட்டடம் அவற்றுக்குள் முழுதாகவோ ஓரளவோ விழுந்தால் அளவு எதுவானாலும் பட்டியலில் வந்துவிடும். ஆகவே “எத்தனை அறை” என்ற கேள்வியோடு நின்றுவிடாமல் “எங்கே இருக்கிறது” என்ற கேள்வியையும் எழுத்தில் போடுங்கள்.

காணி முழுவதும் கரையோர வலயத்துக்குள் இருந்தால் பொதுவாக அந்த வர்த்தமானி வரம்புகள் பேசாது. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம்தான் வேண்டும், மதிப்பீடு கேட்பதா என்பதையும் அந்தத் திணைக்களமே தீர்மானிக்கும். இதிலும் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சட்டம் “அபிவிருத்தி நடவடிக்கை” என்று சொல்வது கரையோர வலயத்தின் பௌதிகத் தன்மையை மாற்றக்கூடிய செயலை. உள்ளே சுவர்களுக்குப் பெயின்ற் அடித்து அறை பிரிப்பதை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம். ஆனால் கழிவை வெளியேற்றுவது, நிலம் நிரப்புவது, மரஞ்செடியை அகற்றுவது, புதுக் கட்டடம் எழுப்புவது அதற்குள் வரும். உங்கள் கடிதத்தில் கழிவுநீர் எங்கே போகப்போகிறது என்பதை முதல் வரியிலேயே கேளுங்கள்.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாவது கதவு. அந்தச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியில் கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதற்கே அனுமதி வேண்டும். சிறையை ஹோட்டலாக்குவது பயன்பாட்டு மாற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற இரண்டு கதவும் மூடினாலும் இது திறந்திருக்கும். அனுமதி கொடுக்கும்போது நிலப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கும்படி கேட்க வேண்டிய இடமும் இதுவே.

படி 3: இடத்தின் கதையைச் சேகரித்தல்

ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புமுன் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற சிறைக் காவலர், வளாகத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்ட பிளம்பர், மலக்குழி இறைத்த பவுசர் சாரதி, மதிலுக்குப் பின்னால் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் என்று பலர்.

பவுசர் சாரதியிடம் “குழி எங்கே இருந்தது, எத்தனை மாதத்துக்கு ஒருக்கா நிரம்பும்?” என்று கேட்டுப் பாருங்கள். “மாரியில அது நிரம்பவே நிரம்பாது, மண் குடிச்சிடும்” என்று பதில் வந்தால் அது ஒரு பெரிய தகவல். மழைக் காலத்தில் நிரம்பாத குழி என்றால் அதன் சுவர் கசிகிறது, கழிவு நிலத்தடி நீருக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஜெனரேற்றர் அறை எங்கே, டீசல் பீப்பாய் எங்கே அடுக்கினார்கள், சிகிச்சை அறையின் ஊசி, பஞ்சு எங்கே எரித்தார்கள், தச்சுவேலைக் கூடத்தில் மரத்துக்கு என்ன மருந்து பூசினார்கள், கூரைச் சீற் எப்போது மாற்றினார்கள், பழையதை எங்கே போட்டார்கள்? ஒவ்வொரு பதிலையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். பழைய செய்மதிப் படங்களைக் கூகுள் ஏர்த்தில் ஆண்டு வாரியாகப் பார்த்தால் இல்லாமல்போன கொட்டகைகளும் தெரியும்.

இன்னொன்று. தடுத்து வைக்கப்பட்ட இடங்களின் சுவர்களில் எழுத்துகள் இருக்கும்: பெயர், திகதி, நாட்களை எண்ணிய கோடுகள். 2015 நவம்பரில் பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு இலங்கை வந்தபோது, திருகோணமலை கடற்படைத் தளத்துக்குள் முன்னர் இரகசியத் தடுப்பிடமாக இருந்த ஒரு இடத்தைப் பார்வையிட்டது. இந்த மாவட்டத்தில் காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சுவரிலுள்ள பெயர் வெறும் கிறுக்கல் இல்லை. ஆகவே எந்தத் தடுப்பிடத்திலும் பெயின்ற் அடிக்குமுன், சாந்து பூசுமுன், ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் வெளிச்சம் வைத்துப் படம் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும். இதைச் சுற்றாடல் அறிக்கையின் பண்பாட்டு மரபுப் பகுதியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

படி 4: மண், நீர், கூரை

நகரின் பல பகுதிகளில் மலக்குழியும் ஊறுகுழியும்தான் கழிவுநீருக்கான வழி. 300 பேர் இருந்த இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்துப் பார்த்தாலே 30,000 லீற்றர். அது வருடக்கணக்கில் ஒரே மூலையில் இறங்கியிருக்கிறது. கரையோர மணலில் தண்ணீர் சுலபமாக ஊடுருவும். கீழே நன்னீர் மெல்லிய படையாக உப்பு நீரின் மேல் மிதக்கிறது.

எனவே மதிலுக்கு வெளியே உள்ள வீட்டுக் கிணறுகளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நைத்திரேற்று, ஈ.கோலை (மலத்தால் வரும் கிருமி), உப்புத்தன்மை, எண்ணெய்ப் படலம் நான்கையும் கேளுங்கள். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஈ.கோலை ஒன்றுமே இருக்கக் கூடாது. இரண்டு தடவை எடுக்க வேண்டும்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசி நிலம் காய்ந்த ஆவணியில் ஒருமுறை, வாடைக்காற்று மழை இறங்கிய மார்கழியில் ஒருமுறை. ஒரே தடவை எடுத்த மாதிரியை வைத்து “நீர் பாதுகாப்பானது” என்று எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள். மழைக் காலத்தில் நீர்மட்டம் ஏறிக் குழியைத் தொடும், கோடையில் உப்பு உள்ளே வரும். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

டீசல் நின்ற இடத்தில் மண்ணைப் பல ஆழங்களில் எடுக்க வேண்டும், மேல்மண் மட்டும் போதாது. மணலில் எண்ணெய் கீழே இறங்கி நீர்மட்டத்தில் போய்ப் படரும்.

இனிக் கூரை. அஸ்பெஸ்ரஸ் சீற் எங்கள் நாட்டில் வீடு, பாடசாலை எல்லாவற்றிலும் இருப்பதால் அதன் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. சீற் முழுதாக இருக்கும்வரை அவ்வளவு பயமில்லை. உடைத்தால், வாளால் அறுத்தால், காய்ந்த தூசாகக் கூட்டினால்தான் நார் காற்றில் ஏறும். கழற்றுமுன் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். ஆணியை அறுத்து சீற்றை முழுதாக இறக்க வேண்டும், மேலிருந்து எறியக் கூடாது. தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றாகப் பொதிந்து அடையாளம் இட வேண்டும். துணி முகக்கவசம் பிரயோசனமில்லை, நுண்தூசுக்கான சுவாசக் கவசம் வேண்டும். ஆபத்தான கழிவுகளுக்கு 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கழற்றிய சீற்றை ஒப்பந்தக்காரர் எங்கே கொண்டுபோகிறார் என்ற பதில் எழுத்தில் வேண்டும். “ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள்” என்பது பதில் இல்லை. அது இன்னொரு ஏழை வீட்டின் குசினிக் கூரையாகிவிடும்.

பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கும். கம்பிக் கதவு, சன்னல் கிராதிகளைச் சுரண்டும் வேலை அங்கு ஏராளமாக வரும். பிறகு அந்த இடம் முன்பள்ளியாகவோ சிறுவர் பூங்காவாகவோ மாறப்போகிறது என்றால் சுரண்டலையும் மதிலடி மண்ணையும் ஈயத்துக்குச் சோதிப்பது கட்டாயம்.

படி 5: பூட்டியிருக்கும் காலம்

இதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. மூடுவதற்கும் புதுப் பயன்பாடு தொடங்குவதற்கும் இடையில் வருடங்கள் போகும். போகம்பரையைப் பாருங்கள், மூடிய பல வருடங்களுக்குப் பின் 2020இல் கொரோனாக் காலத்தில் மறுபடி கைதிகளை அங்கே கொண்டுவந்தார்கள். பூட்டிய வளாகத்தில் தண்ணீர்த் தாங்கி, அடைத்த பீலி, திறந்த மலசலகூடக் கோப்பை எல்லாம் நுளம்புக்கு வீடு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று எங்களுக்குத் தெரியும். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் அரசாங்கக் காணியைப் பராமரிப்பவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஊடாக அழுத்துங்கள். தாங்கிகளைக் காலியாக்கிக் கவிழ்ப்பது, பீலிகளைத் துப்புரவாக்குவது, மாதம் ஒருமுறை பார்வையிடுவது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

புள்ளிமான்களையும் மறந்துவிட வேண்டாம். கோட்டைக்குள் இருந்து நகரத்து வீதி வரை அவை சுதந்திரமாகத் திரிவது திருகோணமலைக்கே உரிய காட்சி. காவல் இல்லாத வளாகத்தில் புல் வளர்ந்தால் அவை உள்ளே வரும், கழற்றிப் போட்ட முட்கம்பிச் சுருள் காலில் சிக்கும். முட்கம்பியை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

படி 6: திட்டத்தைத் துண்டு போட விடாதீர்கள்

இடிப்புக்கு ஒரு அனுமதி, பாதைக்கு இன்னொன்று, கட்டடத்துக்கு மூன்றாவது என்று தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் சிறியதாகவே தெரியும், எதற்கும் மதிப்பீடு வராது. நியூயோர்க் மாநிலத்தின் 1975ஆம் ஆண்டுச் சுற்றாடல் மீளாய்வுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இப்படித் துண்டு போடுவதைப் பொதுவாக ஏற்பதில்லை. எங்கள் விண்ணப்பத்திலும் இடிப்பும் கட்டுமானமும் கழிவகற்றலும் ஒரே கருத்திட்டமாகக் கணிக்கப்பட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

மாற்று வழிகளையும் கேளுங்கள். எங்கள் சட்டத்தின் வரைவிலக்கணப்படியே தாக்க மதிப்பீட்டில், தீங்கு குறைந்த மாற்று வழிகளும் அவை ஏன் கைவிடப்பட்டன என்ற காரணமும் இருக்க வேண்டும். பெங்களூர் மத்திய சிறை பூங்காவாகி 2008இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பகலில் மட்டும் மக்கள் வந்துபோகும் இடத்துக்குத் தேவைப்படும் நீரும் வெளியேறும் கழிவும் ஹோட்டலோடு ஒப்பிடக் குறைவு. இங்கே குழாய் நீர் கந்தளாயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நீச்சல்குளமும் சலவையகமும் வைத்த பயன்பாடா, பயிற்சி நிலையமா என்பது அழகு பற்றிய தெரிவு மட்டுமில்லை. இருக்கிற தடித்த சுவர்களை வைத்துக்கொண்டே பயன்படுத்துவதையும் ஒரு மாற்று வழியாக எழுதச் சொல்லுங்கள். இடித்தால் வரும் கல்லும் சாந்தும் லொறி லொறியாக ஏதோ ஒரு தாழ்நிலத்தை நிரப்பப் போகிறது. அந்தத் தாழ்நிலம் மாரி வெள்ளம் நிற்க வேண்டிய இடமாக இருக்கும்.

படி 7: மக்களின் குரல்

முழு சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த 30 நாள் இல்லை, ஆனால் அறிக்கையைப் போய்ப் பார்வையிடும் உரிமை இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் காத்திருந்தால் அனுமதி கொடுத்து முடிந்துவிடும்.

காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை: உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட, வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கருத்திட்டத்தின் தகவல்களை, தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் வெளியிட வேண்டும். அரசாங்கக் கருத்திட்டமாக இருந்தால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கடிதம் எழுதுங்கள்.

கருத்தை எப்படி எழுதுவது? “இந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வேண்டாம்” என்று நூறு பேர் கையெழுத்து வைத்தால் ஒரு வரியில் பதில் வந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: “அறிக்கையின் இந்தப் பக்கத்தில் நிலத்தடி நீர் மாதிரி ஓகஸ்ட் மாதம் மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. டிசம்பரில் நீர்மட்டம் ஏறும்போது பழைய மலக்குழியின் அடி நீரைத் தொடுமா என்று ஆராயப்படவில்லை. மதிலுக்கு வெளியேயுள்ள கிணறுகளில் மாரிக் காலத்தில் மறுபடி மாதிரி எடுத்து, பெறுபேறு வந்த பின்னரே தீர்மானம் எடுக்கும்படி கேட்கிறோம்.” பக்கம், குறை, கேட்கும் தீர்வு மூன்றும் அதில் இருக்கின்றன. அதிகாரி அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் அந்த மௌனம் பின்னர் நீதிமன்றத்தில் பேசும்.

இது வெறும் கடதாசி வேலை என்று நினைப்பவர்களுக்குச் இதே மாவட்டத்துச் சம்பூரை ஞாபகப்படுத்துகிறேன். அங்கே திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அது கட்டப்படமாட்டாது என்று அரசாங்கமே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. சுற்றாடல் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது.

படி 8: அனுமதிக்குப் பின்

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வாங்கித் தமிழில் ஒரு பிரதி வாசிகசாலையிலோ கோயில், பள்ளிவாசல் மண்டபத்திலோ வையுங்கள். கண்காணிப்புப் பொறுப்பு அனுமதி கொடுத்த நிறுவனத்துக்கு உரியது. ஆனால் தினமும் லொறி போவதைப் பார்ப்பது நீங்கள்.

வேலை நாட்காட்டியைப் பாருங்கள். பெரிய மண் வேலை ஐப்பசி முதல் தை வரை வைத்தால் மழையோடு மண்ணும் கழிவும் துறைமுகத்துக்குள் போகும். சீற் கழற்றுவதைக் கச்சான் பலமாக வீசும் நாட்களில் வைத்தால் தூசு பக்கத்து வீதிக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனி மாதங்கள் இருக்கின்றன. நிபந்தனையிலேயே இதைப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

தோண்டும்போது மனித எலும்பு வந்தால் வேலை அந்த நிமிடமே நிற்க வேண்டும். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டுமான வேலையின்போதும், 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோதும் புதைகுழிகள் வெளிப்பட்டன. எலும்பை எடுக்கக் கூடாது, கழுவக் கூடாது, மண்ணால் மூடவும் கூடாது. மேலே தார்ப்பாய் கட்டி, பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவிக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி வரும்வரை பெக்கோ இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. இந்த ஏற்பாடு ஒப்பந்தக்காரரின் உடன்படிக்கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். வேலை நிற்கும் நாட்களுக்கு அவருக்கு நட்டம் வராது என்றும் அதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரவோடிரவாக மூடிவிடும் ஆசை யாருக்கும் வரும்.

நிபந்தனை மீறப்பட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் அனுமதி கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்புங்கள். திகதி தெரியும் படம், லொறி இலக்கம், நேரம் மூன்றும் சேர்ந்திருக்கட்டும். அனுமதி மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யும் வழி கருத்திட்டக்காரருக்குச் சட்டத்தில் இருக்கிறது. அனுமதி கொடுக்கப்பட்டதை எதிர்க்கும் ஊர் மக்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (நிர்வாக முடிவை நீக்கும் நீதிமன்றக் கட்டளை) கேட்டோ, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டோதான் போக வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம் என்பதால், அனுமதிச் செய்தி காதில் விழுந்த அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.